செயற்கைக்கோள் இணைப்பில் பெரிய கோப்புகள் போகவில்லை: மணிமுத்தாறு மலையடிவாரத்திலிருந்து ஒரு கேள்வி

கால்வாய்க்கரை | அக்டோபர் 18, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். மணிமுத்தாறு அணைக்கு அருகே மலையடிவாரத்தில் ஒரு பழைய வீட்டின் பரணில் பதினொரு பேரேடுகள் கிடைத்தன. எல்லாம் கால்வாய்ப் பாசனக் கணக்கு. எந்த மடை எந்த நாளில் எத்தனை நாழிகை திறந்திருந்தது, எந்த வயலுக்கு என்ன பங்கு, மராமத்துக்கு ஆள் அனுப்பாதவர் யார் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். பல பக்கங்களில் மை தாளைத் தின்றுவிட்டது. புரட்டினால் எழுத்து இருந்த இடம் மட்டும் ஓட்டையாக உதிர்கிறது. அதனால் பேரேடுகளை வெளியே எடுத்துப் போகாமல், அந்த வீட்டுக் கூடத்திலேயே ஸ்கேனர் வைத்துப் படம் எடுக்கிறோம். நாங்கள் நான்கு பேர். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள்.

ஃபைபர் இந்த ஊருக்கு வரவில்லை. கைபேசிக்கு மொட்டைமாடியில் ஒரு கோடு சிக்னல் கிடைத்தால் பெரிது. ஆகவே செயற்கைக்கோள் இணைப்பு எடுத்தோம். இறக்கத்துக்கு நொடிக்கு 10 மெகாபிட், ஏற்றத்துக்கு 2 மெகாபிட் என்றார்கள். மாதம் 60 ஜிகாபைட் வரை முழு வேகம். செய்தித்தாள் படிக்கவும் மின்னஞ்சலுக்கும் குறையில்லை.

ஆனால் ஸ்கேன் கோப்புகள் போகவே மாட்டேன் என்கின்றன. சென்னையில் ஒரு நூலகம் தன் சர்வரில் எங்களுக்கு ஒரு பொதுக் கோப்புறையை விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட தனிப்பாதை வழியாகத் திறந்து கொடுத்திருக்கிறது. அதில் இழுத்துப் போட்டால் பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. மூன்று இரவுகள் கண்விழித்தும் பதினான்கு பக்கங்கள்தான் போயின. டிஷ் சரியாகத் திருப்பப்படவில்லையா? நிறுவனத்தில் கேட்டால் "சிக்னல் நன்றாக இருக்கிறது" என்கிறார்கள்.

—

ஊத்துமலை | அக்டோபர் 18, இரவு 9.40

ஒரு பக்கம் எவ்வளவு பெரியது அண்ணாச்சி?

—

கால்வாய்க்கரை | அக்டோபர் 18, இரவு 9.47

ஏ4 அளவு, முழு வண்ணம், அங்குலத்துக்கு 600 புள்ளி. ஒரு பக்கம் 104 மெகாபைட். பேரேட்டுக்குச் சராசரி 300 பக்கம்.

—

பாளை விசாட் | அக்டோபர் 18, இரவு 11.05

அண்ணாச்சி, டிஷ்ஷில் குறை இல்லை. பதினெட்டு ஆண்டுகள் விசாட் (சிறு டிஷ் வைத்த செயற்கைக்கோள் இணைப்பு) களப்பணி செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் வேலைக்கும் இந்த இணைப்பின் இயல்புக்கும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சாதாரண வகுத்தல் கணக்கு. 104 மெகாபைட் என்றால் 832 மெகாபிட். நொடிக்கு 2 மெகாபிட் வீதம், எந்தத் தடங்கலும் இல்லாமல் போனாலே ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 7 நிமிடம். 300 பக்கப் பேரேடு ஒன்றுக்கு 35 மணி நேரம். பதினொன்றுக்கும் பதினாறு நாள், இரவு பகல் ஓயாமல். மொத்தம் 343 ஜிகாபைட் வருவதால், மாதத்துக்கு 60 என்ற வரம்பின்படி ஆறு மாதம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்த 10 மெகாபிட் நீங்கள் பெறுவதற்கு. அனுப்புவதற்கு 2 மட்டுமே. கோப்பைப் பகிர்கிறவனுக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். அதை வாங்கும்போது யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இனி தூரம். உங்கள் டிஷ் பார்க்கும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் அனுப்பும் துண்டு மேலே ஏறி, நிறுவனத்தின் தரை நிலையத்துக்கு இறங்கி, அங்கிருந்துதான் சென்னைக்குக் கம்பியில் போகிறது. "கிடைத்தது" என்ற பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். ஒளி நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போனாலும் இந்தப் போக்குவரத்துக்கு 480 மில்லிநொடி ஆகிவிடுகிறது. மோடமும் தரை நிலையமும் எடுக்கும் நேரத்தைச் சேர்த்தால் 600 முதல் 700. பிங் என்ற சோதனைக் கட்டளையைப் போட்டுப் பாருங்கள், தாமதம் தெரியும். எந்த நிறுவனம் வந்தாலும் இந்த உயரத்தில் 480-க்குக் கீழே கொண்டுவர முடியாது.

"தாமதம் அரை நொடிதானே, கோப்பு அனுப்ப அது எதற்கு இடைஞ்சல்?" என்று பலர் கேட்பார்கள். நீங்கள் கால்வாய்க் கணக்குப் பார்க்கிறவர் என்பதால் கால்வாயிலேயே சொல்கிறேன். மடையைத் திறந்தவுடன் கடைமடைக்குத் தண்ணீர் போய்விடாது. வாய்க்கால் நெடுக நிரம்பிய பிறகுதான் அங்கே பாயும். இணையத்தின் டிசிபி நெறிமுறை மிக எச்சரிக்கையான மடைக்காரன். முதலில் பலகையைச் சிறிது தூக்குவான். ஏறத்தாழ 14 கிலோபைட் மட்டும் விடுவான். கடைமடையிலிருந்து "வந்து சேர்ந்தது" என்று ஆள் வந்து சொன்ன பிறகு இரு மடங்கு தூக்குவான். ஃபைபரில் அந்த ஆள் 30 மில்லிநொடியில் ஓடி வந்துவிடுகிறான். உங்களுக்கு 650 மில்லிநொடி. வாய்க்கால் அகலமாக இருந்தும் பாதி நேரம் வறண்டு கிடப்பது இதனால்தான்.

வழியில் ஒரு துண்டு தொலைந்துவிட்டால் மடைக்காரன் "எங்கோ உடைப்பு" என்று பயந்து பலகையைப் பாதி இறக்கிவிடுவான். பிறகு மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். பழைய டிசிபி வகைக்குரிய சூத்திரப்படி, ஆயிரம் துண்டுகளில் ஒன்று தொலைந்தாலே 650 மில்லிநொடிப் பாதையில் நொடிக்கு 0.7 மெகாபிட்டுக்கு மேல் போகாது. அதே இழப்பு 30 மில்லிநொடிப் பாதையில் இருந்தால் 15 மெகாபிட் கிடைக்கும். இழப்பு இரண்டிலும் ஒன்றுதான்; வேறுபாடு முழுக்கத் தூரத்தால் வருவது.

இதற்கு விசாட் மோடத்திலேயே ஒரு ஏற்பாடு உண்டு. சென்னை சர்வர் சொல்ல வேண்டிய "கிடைத்தது" என்ற பதிலை, உங்கள் வீட்டு மோடமே உடனுக்குடன் உங்கள் கணினிக்குச் சொல்லிவிடும். கணினியும் தயங்காமல் அனுப்பும். வானத்தைக் கடக்கும் பகுதியை மோடமும் தரை நிலையமும் தங்கள் சொந்த முறையில் பார்த்துக்கொள்ளும். செய்தித்தாள் தடையில்லாமல் திறப்பது அந்த ஏற்பாட்டால்தான்.

அப்படியானால் நூலகத்துக்கு ஏன் போகவில்லை? விபிஎன்! விபிஎன் எல்லாவற்றையும் பூட்டிய பெட்டிக்குள் வைத்துவிடுகிறது. உள்ளே எந்தத் துண்டு போகிறது, எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று மோடத்துக்குத் தெரியாது. உதவி செய்ய வழியில்லாமல் அப்படியே கடத்திவிடும். அதோடு, பொதுக் கோப்புறை முறை வாயாடி. ஒவ்வொரு கோப்புக்கும் "திறக்கலாமா, எவ்வளவு இடம், பெயர் சரியா, மூடலாமா" என்று பல தடவை போய் வந்து கேட்கும். 3,300 கோப்புக்கு ஐந்து கேள்வி வீதம் வைத்தாலும், ஒரு கேள்விக்கு 0.65 நொடி. கேள்வி கேட்பதிலேயே மூன்று மணி நேரம் கழிந்துவிடும். ஒரு எழுத்துகூட அதற்குள் நகர்ந்திருக்காது.

நாளை காலை மோடத்தின் பதிவேட்டை எடுத்து அனுப்புங்கள். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

—

காற்றாடி | அக்டோபர் 19, காலை 7.30

நான் ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். எங்கள் தளத்திலும் இதே மாதிரி இணைப்புதான். விபிஎன்னையும் பொதுக் கோப்புறையையும் விட்டுவிடுங்கள் ஐயா; டாரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறையைப் போடுங்கள். கோப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சரிபார்க்கும். எத்தனை முறை அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த வேலைக்கென்றே செய்த கருவி அது. எங்கள் அறையில் லினக்ஸ் வட்டுகளை அப்படித்தான் இறக்குகிறோம்.

—

பாளை விசாட் | அக்டோபர் 19, காலை 8.15

தம்பி, துண்டு துண்டாகச் சரிபார்ப்பதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் டாரண்டின் அருமையான குணங்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் செய்வது இறக்கம். அங்கே உலகம் முழுவதிலும் இருந்து நூறு பேர் உங்களுக்குக் கொடுக்கிறார்கள். அண்ணாச்சியிடம் இருப்பது ஒரே ஒருவரிடம் இருக்கும் கோப்பு. எத்தனை பேர் பெற்றுக்கொள்ளக் காத்திருந்தாலும், முதல் பிரதி முழுவதும் அந்த 2 மெகாபிட் குழாய் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

வேறு மூன்று சிக்கல்களும் உண்டு. ஒன்று, இந்த இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி கிடைப்பது அரிது. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், பல வீடுகள் ஒரே முகவரியின் பின்னால் நிற்கின்றன என்று பொருள். வெளியிலிருந்து யாரும் உங்கள் கதவைத் தட்ட முடியாது. நீங்களாக வெளியே போய்ப் பேசினால் மட்டுமே உண்டு. இரண்டாவது, டாரண்ட் மென்பொருள்கள் பெரும்பாலும் டிசிபி அல்லாமல் யுடிபி என்ற இன்னொரு நெறிமுறை மேல் ஓடும் ஒரு முறையைப் பயன்படுத்துகின்றன. மோடமே பதில் சொல்லும் அந்த ஏற்பாடு டிசிபிக்கு மட்டும்தான், இதைத் தொடாது. அந்த முறை, வரிசையில் காத்திருக்கும் நேரம் 100 மில்லிநொடிக்கு மேல் கூடினால் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. விசாட் ஏற்றப் பாதையில் பல வீடுகள் முறை வைத்து நேரத்துண்டு வாங்கித்தான் அனுப்புகின்றன. ஆகவே காத்திருப்பு நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். நெரிசலே இல்லாதபோதும் இது நெரிசல் என்று எண்ணி ஒதுங்கி நிற்கும். மூன்றாவது, ஒரே நேரத்தில் பல இணைப்பு திறந்து ஏற்றப் பாதையை நிரப்பிவிட்டால், இறக்கத்துக்கான "கிடைத்தது" பதில்களும் அதே வரிசையில் சிக்கும். பிறகு எந்தப் பக்கமும் திறக்காது. உங்கள் அறையில் யாராவது பகிர்வை ஓட விட்டால் மற்றவர்கள் சத்தம் போடுவதில்லையா?

—

காற்றாடி | அக்டோபர் 19, காலை 8.31

போடுகிறார்கள். அது ஏன் என்று இதுவரை எனக்குத் தெரியாது. நன்றி அண்ணாச்சி.

ஆனால் ஒரு சந்தேகம். எங்கள் தளத்தில் ஒரு டிஷ், எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தளத்தில் ஒரு டிஷ். இரண்டும் ஒரே நிறுவனத்தின் இணைப்பு. அந்த இரண்டுக்கும் இடையே கோப்பு அனுப்பினால் மட்டும் இன்னும் மோசமாக இருக்கிறது. பக்கத்தில்தானே இருக்கிறோம்?

—

பாளை விசாட் | அக்டோபர் 19, காலை 8.50

வீட்டு டிஷ்கள் ஒன்றோடொன்று நேரே பேசுவதில்லை. உங்கள் கோப்பு வானத்துக்குப் போய்த் தரை நிலையத்துக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி வானத்துக்கு ஏறி, அடுத்த தளத்துக்கு இறங்குகிறது. பதிலும் அதே வழி. போக்குவரத்துக்கு மொத்தம் எட்டுத் தாவல், 2,86,000 கிலோமீட்டர், ஒளி வேகத்திலேயே ஏறத்தாழ ஒரு நொடி. எட்டுக் கிலோமீட்டருக்குப் பெண் டிரைவில் போட்டு பைக்கில் கொண்டுபோய்க் கொடுங்கள் தம்பி. மனதாரச் சொல்கிறேன்.

—

கால்வாய்க்கரை | அக்டோபர் 19, மாலை 5.20

படித்துக்கொண்டே வந்தேன்; மடைக்காரன் உவமையில் எல்லாம் பிடிபட்டுவிட்டது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறந்து கடைசி வயலுக்குப் பாய எத்தனை நாள் காத்திருந்திருக்கிறேன்!

இன்று மதியம் மலை மேலே நாலுமுக்கு, ஊத்து தோட்டங்கள் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்கு இங்கே தூறல்கூட இல்லை. ஆனாலும் இணைப்பு இருபது நிமிடம் தளர்ந்து போயிற்று. இது இயல்பா? இன்னொன்று: போன மாதக் கடைசியில் நாலைந்து நாள், நண்பகலை ஒட்டிச் சில நிமிடம் இணைப்பு முழுதாக நின்றது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

—

பாளை விசாட் | அக்டோபர் 19, இரவு 10.10

நண்பகல் தடை சூரியனால் வந்தது. ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், இரவும் பகலும் சமமாக இருக்கும் நாள்களை ஒட்டிச் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் வானொலி இரைச்சல் சிக்னலை மூழ்கடித்துவிடும். சில நாள், நாளுக்குச் சில நிமிடம். தானாகச் சரியாகிவிடும், யாரையும் கூப்பிட வேண்டாம்.

மழை வேறு வகை. 10 கிகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளை மழைத்துளி உறிஞ்சிச் சிதறடிக்கும். செயற்கைக்கோள் இணைப்புகள் பயன்படுத்தும் கேயூ அலைப்பட்டையில் உண்டு, அதற்கு மேலான கேஏ பட்டையில் இன்னும் அதிகம். பழைய சி பட்டைப் பெருந்தட்டுகளுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. மழை கனத்தால் மோடம் இணைப்பைக் காப்பாற்ற, ஒரு நேரத்தில் அடைக்கும் பிட்டுகளைக் குறைத்துக்கொள்ளும். இணைப்பு உயிரோடு இருக்கும், வேகம் சுருங்கும். உங்களுக்குத் தூறல்கூட இல்லை என்றால், மழை தரை நிலையம் இருக்கும் ஊரிலும் பெய்திருக்கலாம், உங்களுக்கு நேர் மேலே இருந்த முகிலிலும் இருந்திருக்கலாம். மேலே என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டே முக்கால் பாகைதான் வடக்கே இருக்கிறோம். இஸ்ரோவின் ஜிசாட்-11 கிழக்கு 74 பாகையில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து அதை நோக்கினால் 79 பாகை உயரம், கிட்டத்தட்ட உச்சி. அதனால்தான் நம் பக்கத்து டிஷ்கள் மல்லாந்து கிடக்கும். அலை மேற்கு மலையைத் தொடாமல் நேரே மேலே போகும், அது நன்மை. ஆனால் மல்லாந்த டிஷ்ஷில் தென்னம்பாளையும் சருகும் விழுந்து தங்கும். குரங்கும் வந்து உட்காரும். முக்கால் மீட்டர் டிஷ் ஒரு பாகைக்குச் சற்று அதிகமாக விலகினாலே சிக்னலின் வலிமை பாதியாகிவிடும். வாரம் ஒருமுறை துடையுங்கள். தண்டின் மரையாணியை இறுக்கி, நின்ற இடத்தைச் சாயத்தால் கோடு போட்டு வையுங்கள்.

—

ஊத்துமலை | அக்டோபர் 20, காலை 6.55

தாழ்வான சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீர்ந்துவிடும் அல்லவா? வெளிநாட்டில் இருக்கும் என் மைத்துனன் ஒரு டிஷ் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான்.

—

பாளை விசாட் | அக்டோபர் 20, காலை 9.20

வேண்டவே வேண்டாம். உரிமம் இல்லாத செயற்கைக்கோள் கருவியை இங்கே வைத்திருப்பது சட்டப்படி குற்றம். சுங்கத்திலேயே பிடிபடும். மைத்துனருக்கும் உங்களுக்கும் வீண் அலைச்சல்.

தொழில்நுட்பத்தைப் பற்றிக் கேட்டால், தாமதம் தீரும். ஸ்டார்லிங்க் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஒன்வெப் 1,200 கிலோமீட்டரில். ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே இஸ்ரோ ஏவியது. ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமமும், ஜூலையில் விண்வெளித் துறையின் இன்-ஸ்பேஸ் அமைப்பின் அனுமதியும் கிடைத்தன. அந்த உயரத்தில் போக்குவரத்து சில பத்து மில்லிநொடிதான். நமது மடைக்காரனின் கவலை பெரும்பாலும் போய்விடும்.

ஆனாலும் ஏற்றம் இறக்கத்தைவிடக் குறைவுதான். பொது முகவரிச் சிக்கல் அங்கும் உண்டு. செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் இணைப்பு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். அந்தக் கணங்களில் துண்டுகள் தொலையும். மலையடிவாரத்துக்கு மிக முக்கியமானது, இதற்கு வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும் என்பது. தொடுவானத்திலிருந்து 25 பாகைக்கு மேல் எல்லாப் பக்கமும் மறைப்பு இல்லாதிருப்பது நல்லது. மேற்கே மலை, மற்ற மூன்று பக்கமும் தென்னந்தோப்பு உள்ள வீட்டில் ஒவ்வொரு மரமும் ஒரு தடங்கல். அதோடு, 53 பாகைச் சாய்வில் சுற்றும் செயற்கைக்கோள்கள் 50 பாகை அட்சரேகையை ஒட்டியே நெருக்கமாக இருக்கும். நம்மைப் போல் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பவர்களின் தலைக்கு மேலே எண்ணிக்கை குறைவு.

வரட்டும், நல்லதுதான். அதற்காகப் பேரேடுகளின் மை காத்திருக்காதே.

—

தேரிமணல் | அக்டோபர் 20, பிற்பகல் 2.45

இந்த இழையை நேற்றிலிருந்து படிக்கிறேன். செயற்கைக்கோள் இணைப்பு எதற்கும் உதவாது என்ற எண்ணம் படிக்கிறவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்ற இடத்திலேயே நின்றது. எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரம் இல்லை, ஃபைபர் சாலையோடு போய்விட்டது. நான் வேலை பார்த்த கிட்டங்கியின் மாடியில் ஒரு விசாட் டிஷ் இருந்தது. இரண்டு லாரி பேட்டரியை இன்வெர்ட்டரில் கட்டி மோடத்தை உயிரோடு வைத்தோம். மழை சற்றே தணிந்த இடைவெளிகளில் மட்டும் இணைப்பு வரும்.

முதலில் எல்லோரும் காணொளி அனுப்பப் பார்த்தார்கள். ஒன்றும் போகவில்லை, முயன்ற நேரம்தான் வீண். பிறகு ஒரு பையனிடம் நோட்டைக் கொடுத்து, மாடியில் இருப்பவர்களின் பெயர், ஊர், என்ன மருந்து வேண்டும், யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று எழுதச் சொன்னேன். அதைத் தட்டச்சு செய்து வெறும் எழுத்துக் கோப்பாக அனுப்பினோம். 40 கிலோபைட்கூட இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. மறுபக்கத்தில் என் தம்பி அதைப் படித்து ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் சொன்னான். இன்சுலின் வேண்டியிருந்த ஓர் அம்மாவின் பெயர் அந்தப் பட்டியலில் ஏழாவது வரி. மறுநாள் படகில் வந்து சேர்ந்தது.

தரையில் எல்லாம் அறுந்த அன்று அது ஒன்றுதான் பேசிற்று. பெரிய சுமையை அதன் தலையில் ஏற்றாதீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வீண் என்று சொல்லாதீர்கள்.

—

பாளை விசாட் | அக்டோபர் 20, பிற்பகல் 3.30

அக்கா, நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எழுத்துக் கோப்பு போனதற்கும் காரணம் அதேதான்: மடைக்காரன் முதல் சில தடவை விடும் தண்ணீரிலேயே 40 கிலோபைட் முடிந்துவிடுகிறது. மூன்றே போக்குவரத்து.

அண்ணாச்சிக்கும் இதுதான் வழி என்று படுகிறது. கனமானதைத் தரையில் அனுப்புங்கள். அவசரமும் சிறிதும் ஆனதை வானத்தில் அனுப்புங்கள். 343 ஜிகாபைட் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பாதிகூட நிரம்பாது. நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் ஏறத்தாழ பதினொரு மணி நேரத்தில் சென்னை. கணக்குப் போட்டேன்: நொடிக்கு 70 மெகாபிட் வேகத்தில் அனுப்பியதற்குச் சமம், உங்கள் ஏற்றத்தைப் போல முப்பத்தைந்து மடங்கு.

—

கால்வாய்க்கரை | அக்டோபர் 20, இரவு 8.05

இதை நாங்களும் பேசினோம். மனம் ஒப்பவில்லை. ரயிலில் பை தொலைந்தால்? கீழே விழுந்து டிஸ்க் கெட்டுவிட்டால்? தவிர, சென்னையில் போய் நகல் எடுக்கும்போது ஒரு கோப்பு கெட்டிருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? 3,300 பக்கத்தையும் கண்ணால் ஒப்பிட முடியுமா?

—

ஏட்டறை | அக்டோபர் 21, காலை 10.40

சென்னையில் பெற்றுக்கொள்ளும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் நூலகத்தின் மின்பதிப்புப் பிரிவில் இருக்கிறேன். கோப்புறையை விபிஎன்னுக்குள் வைத்தது எங்கள் முடிவு. பாதுகாப்புக்காகச் செய்தோம், அது உங்கள் இணைப்பை நெரிக்கும் என்று யோசிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் ஐயா. மூன்று இரவு கண்விழித்தது எங்களால்.

நீங்கள் கேட்டதற்கு விடை உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற முறையில் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிடலாம். 64 எழுத்து. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் முழுதும் வேறாகிவிடும். வீட்டில் 3,300 கோப்புக்கும் கணக்கிட்டு அந்தப் பட்டியலை மட்டும் செயற்கைக்கோள் வழியாக எங்களுக்கு அனுப்புங்கள். மொத்தம் 300 கிலோபைட் வரும். டிஸ்க் வந்ததும் இங்கே நாங்கள் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுகிறோம். பொருந்தாத கோப்பு எது என்று பெயரோடு தெரிந்துவிடும். பட்டியல் டிஸ்க்கோடு வராமல் வேறு வழியாக வருவதால், இடையில் யாராவது கை வைத்திருந்தாலும் தெரியும்.

அனுப்புவது நகல்தான். மூலக் கோப்புகள் இரண்டு டிஸ்க்குகளில் உங்களிடமே, இரண்டும் வெவ்வேறு வீடுகளில் இருக்கட்டும். ரயிலில் ஒன்று தொலைந்தால் இன்னொன்று எழுதி அனுப்பலாம்.

இன்னும் ஒரு வேண்டுகோள். இணைப்பு மெதுவாக இருக்கிறது என்பதற்காக ஸ்கேன் தரத்தைக் குறைத்துவிடாதீர்கள். மை தின்ற பக்கத்தை மறுபடி புரட்ட வாய்ப்பு இருக்காது. தரம் குறையாத சுருக்க முறையில் வைத்தால் அளவு பாதியாகக்கூடும். அதோடு ஒவ்வொரு பக்கத்துக்கும் 300 கிலோபைட்டில் ஒரு சிறிய பார்வைப் படம் செய்து அனுப்பினால், மொத்தம் ஒரு ஜிகாபைட்தான். உங்கள் இணைப்பிலேயே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். அதை வைத்து நாங்கள் உடனே பட்டியலிடும் வேலையைத் தொடங்கிவிடலாம். விபிஎன் இல்லாத பாதுகாப்பான வலைத்தள வாசல் ஒன்றை நாளை திறக்கிறோம். பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

—

பாளை விசாட் | அக்டோபர் 21, காலை 11.02

பார்வைப் படங்களை ஒவ்வொன்றாக விடாமல், பேரேட்டுக்கு ஒன்று என்று ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புங்கள். 3,300 கோப்புகளுக்குப் பதிலாகப் பதினொன்றுதான் போகும். ஏற்ற வேகத்தை மென்பொருளில் 1.6 மெகாபிட்டுக்கு மட்டுப்படுத்தி வையுங்கள்; குழாயை முழுக்க நிரப்பாவிட்டால் மற்ற வேலைகளும் நடக்கும். விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்குங்கள். அந்த நேரத்தில் உங்களோடு பாதையைப் பங்கிடும் வீடுகள் தூங்கிக்கொண்டிருக்கும். இந்தப் பருவத்தில் நம் பக்கத்து இடிமழையும் பெரும்பாலும் மாலையில்தான்.

—

கால்வாய்க்கரை | அக்டோபர் 24, காலை 6.10

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பதினொரு மூட்டையையும் அனுப்பினோம். ஐந்தரைக்கு முடிந்தது. ஒன்றுகூட அறுந்து நிற்கவில்லை. முந்தைய மூன்று இரவுகளை நினைத்துக்கொண்டேன். சரிபார்ப்புப் பட்டியல், அனுப்பு என்று அழுத்திவிட்டுக் கையை எடுப்பதற்குள் போய்விட்டது. டிஸ்க்கைப் பருத்தித் துணியில் சுற்றி, பத்தமடைப் பாய் வெட்டி உறை தைத்து, நண்பரின் மகள் கையில் கொடுத்திருக்கிறோம். நாளை இரவு ரயில்.

—

ஏட்டறை | அக்டோபர் 28, மாலை 4.50

டிஸ்க் பத்திரமாக வந்தது. ஒப்பிட்டு முடித்தோம். 3,298 பொருந்துகின்றன. இரண்டு பொருந்தவில்லை: நான்காம் பேரேடு 217, ஒன்பதாம் பேரேடு 88. நகல் எடுக்கும்போது கம்பி ஆடியிருக்கலாம். அந்த இரண்டை மட்டும் செயற்கைக்கோளிலேயே அனுப்ப முடியுமா ஐயா?

—

கால்வாய்க்கரை | அக்டோபர் 28, இரவு 9.35

அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் பேரேட்டுப் பக்கம் ஒன்பது நிமிடத்தில் போயிற்று. 217 பாதியில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மோடத்தில் விளக்கு மஞ்சளாக மாறி நின்றது. குடையோடு முற்றத்தில் நின்று டிஷ்ஷைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மழை விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மொத்தம் 31 நிமிடம். சரிபார்த்துச் சொல்லுங்கள்.

—

ஏட்டறை | அக்டோபர் 28, இரவு 9.52

இரண்டும் பொருந்துகின்றன. 217-ஐத் திறந்து வைத்திருக்கிறேன். மேல் ஓரத்தில் மை தின்ற ஓட்டை. அதற்குக் கீழே, "கடைமடைக்கு நீர் ஏறவில்லை, மூன்றாம் நாழிகை கூட்டிக் கொடுத்தது" என்று தெளிவாகப் படிக்க முடிகிறது.